நாலையும் ஏழையும் விட்ட பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பொள்ளாச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் அக்கா மகள் போன் செய்தாள். தோழிகளோடு ‘ஸ்பிரிட்டட் அவே’ என்கிற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்து முடித்த கையோடு மூன்று கேள்விகள். “மாமா, இதுக்கு மியூசிக் யாரு, ஒருத்தரா ரெண்டு பேரா? முடியறப்ப ஒரு பாட்டு வருதே, அது மோகனம்தானே? அப்புறம் அந்த ரயில்ல போற எடத்துல ஒண்ணுமே நடக்கல, பேச்சுகூட இல்ல, எனக்கு ஏன் தொண்டையை அடைச்சுது?” போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை கண்ணு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது. உன் தோழிகளும் படிக்கட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தோழிகளுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. கொழிஞ்சாம்பாறையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறேன். முகூர்த்த நாட்களில் ஆர்க்கெஸ்ட்ராவோடு மண்டபம் மண்டபமாகப் போவேன். ஊர் கேரளாவில் இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். என் காதும் அப்படித்தான், கலப்படம். ராகமும் கொஞ்சம் தெரியும், பல சுரங்களைச் சேர்த்து அமுக்கும் மேற்கத்திய கார்டும் (chord) கொஞ்சம் தெரியும்.

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டு பேர். படம் முழுக்க ஓடும் பின்னணி இசை ஜோ ஹிசாயிஷியுடையது. கடைசியில் எழுத்து ஓடும்போது வரும் பாட்டுக்கு மெட்டுப் போட்டுப் பாடியவர் யூமி கிமுரா. அந்தப் பாட்டில் ஹிசாயிஷிக்குச் சம்பந்தமே இல்லை. நிறையப் பேர் இதை மாற்றிச் சொல்கிறார்கள். பாட்டின் வரிகளை எழுதியவர் வக்காகோ காக்கு என்ற கவிஞர். மூன்று பெயரையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்.

ஹிசாயிஷி என்பது வைத்துக்கொண்ட பெயர். 1950-இல் நாகானோ பக்கம் பிறந்தபோது அவர் மமோரு ஃபுஜிசாவா. இசைத்தொழிலுக்கு வந்தபோது, தனக்குப் பிடித்த அமெரிக்க இசைக்கலைஞர் குயின்ஸி ஜோன்ஸின் பெயரை ஜப்பானிய வாயில் போட்டுக் குதப்பியிருக்கிறார். குயின்ஸி, ‘குயிஷி’ ஆனது. ஜோன்ஸ், ‘ஜோ’ ஆனது. குயிஷி என்று எழுதும் சித்திர எழுத்துகளை இன்னொரு விதமாக வாசித்தால் ஹிசாயிஷி. நம் பக்கத்தில் நியூமராலஜி பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டுகிறவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

டோக்கியோவில் குனிடாச்சி இசைக் கல்லூரியில் படித்த காலத்தில் அவரைப் பிடித்து ஆட்டியது மினிமலிசம் என்ற இசை வகை. சின்னத் துண்டு ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை ஏதோ ஒரு இடத்தில் ஒரு சுரமோ ஒரு தட்டோ நகரும். கேட்கிறவனுக்கு எப்போது மாறியது என்றே தெரியாது, மாறியிருக்கும். பாலக்காட்டுப் பக்கம் கோயில் செண்டைகளின் பாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. நாமெல்லாம் கோயில் நடையில் நின்று மினிமலிசம் கேட்டு வளர்ந்தவர்கள்தான், பெயர் மட்டும் தெரியாது. படத்தில் வரும் குளியல் விடுதியில் ஆட்கள் ஓடி ஓடி வேலை செய்யும் காட்சிகளைத் திரும்பப் போட்டுப் பார். தந்திகள் ஒரே துண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிவரும் இடங்கள் காதில் விழும்.

இயக்குநர் ஹயாவோ மியாசாகியோடு அவர் முதலில் சேர்ந்தது 1984-இல் வந்த ‘நவுசிகா’வில். அந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர் இசாவோ தகஹாதா, அவரும் பெரிய இயக்குநர்தான், இசைக்காது உள்ளவர். அப்போதிலிருந்து மியாசாகியின் முழுநீளப் படம் ஒவ்வொன்றுக்கும் ஹிசாயிஷிதான்.

இந்த இடத்தில் நிதானமாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் வேலை செய்யும் முறை நம் சினிமாக்காரர்களுக்கு வினோதமாக இருக்கும். நம்மிடம் எப்படி? இயக்குநர் சிச்சுவேஷன் சொல்வார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் கை வைத்துத் தத்தகாரம் பாடுவார், கவிஞர் அதில் வார்த்தை போடுவார். பாட்டெல்லாம் முதலில். ஆர்.ஆர். என்று சொல்கிற பின்னணி இசை எல்லாவற்றுக்கும் கடைசியில், படம் எடிட் ஆகி, ரிலீஸ் தேதி கழுத்தை நெரிக்கும்போது. எம்.எஸ்.வி. பிறந்த எலப்புள்ளி, நம் ஊரிலிருந்து பாலக்காடு போகும் வழியில் இருக்கிறது. பஸ் அந்த நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆர்மோனியம்தான் நினைவுக்கு வரும்.

மியாசாகியின் ஜிப்லி ஸ்டூடியோவில் படம் முடிவதற்கு முன்னாலேயே ‘இமேஜ் ஆல்பம்’ என்று ஒன்று போடுவது பல காலம் வழக்கமாக இருந்தது. மியாசாகி முழுக் கதையையும் முடித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர் இல்லை. ஒரு பக்கம் படம் வரைந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் கதைப்பலகை (ஸ்டோரிபோர்டு) வளர்ந்துகொண்டிருக்கும். அந்த நிலையில், படத்தில் வரப்போகும் ஆட்கள், இடங்கள், உணர்ச்சிகள் பற்றிச் சில சொற்களையோ கவிதை மாதிரி சில வரிகளையோ ஹிசாயிஷியிடம் கொடுப்பார். காட்சியின் நீளம் எத்தனை விநாடி என்ற கணக்கே கிடையாது. அந்தச் சொற்களை வைத்து ஹிசாயிஷி ஒரு முழு இசைத்தட்டே செய்துவிடுவார். பிறகு படம் உருவானதும் அதிலிருந்து எடுத்து, வளர்த்து, வெட்டி, உண்மையான பின்னணி இசையை எழுதுவார். அதாவது இசையமைப்பாளருக்குப் படத்தோடு பழக நேரம் கிடைத்தது. பொண்ணு பார்த்த அன்றைக்கே தாலி கட்டச் சொல்வதில்லை.

‘ஸ்பிரிட்டட் அவே’வுக்கு இமேஜ் ஆல்பம் 2001 ஏப்ரலில் வந்தது, படம் ஜூலை 20-ஆம் தேதி. ஆல்பத்தில் பத்து உருப்படிகள். பாதி, மியாசாகியே வரி எழுதிய பாட்டுகள். அதில் ஒன்றின் தலைப்பு ‘தனிமை, தனிமை’ என்கிற பொருளில் வரும், முகமூடி போட்ட அந்தக் கறுப்பு உருவம், முகமில்லாதவன், அவனுக்கானது. இன்னொன்றின் பெயர் ‘கடல்’, அதில் வார்த்தை இல்லை. இந்தக் கடலை ஞாபகத்தில் வை, ரயிலுக்கு வரும்போது தேவைப்படும்.

சரி, மோகனம்.

நீ கேட்டது அரைவாசி சரி, அரைவாசி தப்பு. ஆனால் தப்பான பாட்டைக் காட்டிச் சரியானதைச் சொல்லியிருக்கிறாய். கடைசிப் பாட்டு மோகனம் இல்லை. அதன் முதல் துண்டைக் கீபோர்டில் வாசித்துப் பார்: ச ரி க ச ப க ரி. இதுவரை மோகனம் என்றே தோன்றும், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரி முடிவதற்குள் மெட்டு கீழே இறங்கி நிஷாதத்தில், அதாவது நி-யில், போய் உட்காரும். மோகனத்தில் நிஷாதம் ஏது? ஏழு சுரமும் உள்ள மேஜர் ஸ்கேல் அது, நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்கள். நாலு கட்டை சுருதி, மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் தாளம். என்னிடம் படிக்கும் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினால் பாதிப் பேர் “மோகனம்” என்று முந்திக்கொள்வார்கள், நிஷாதம் வந்ததும் முழிப்பார்கள். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் ஜப்பானிய இசை கேட்டால் உனக்கு மோகனம் நினைவுக்கு வருவது பிரமை இல்லை. அவர்களிடம் ‘யோனாநுகி’ என்று ஒரு சுரவரிசை உண்டு. மெய்ஜி மன்னர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேற்கத்திய இசையைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்தபோது டோ ரே மீ-க்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜப்பானிய எண்களையே சுரங்களுக்குப் பெயராக வைத்துப் பாடச் சொன்னார்கள். அதில் ‘யோ’ என்றால் நாலு, ‘நா’ என்றால் ஏழு, ‘நுகி’ என்றால் நீக்கியது. நாலாவது சுரமான மத்தியமத்தையும் ஏழாவதான நிஷாதத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. உன் மோகனம்தான். அவர்களுடைய பள்ளிப் பாட்டுகளிலும் பழைய சினிமாப் பாட்டுகளிலும் இது ஊறிக் கிடக்கிறது. இதோடு நிற்காது. ஒகினாவாத் தீவுகளின் நாட்டுப்பாட்டுச் சுரவரிசை ச க ம ப நி. அது அப்படியே கம்பீர நாட்டை. கோயிலில் சாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அதே ராகத்தின் சுரங்கள். டோக்கியோ, கியோட்டோ பக்கத்துப் பழைய நகரப் பாட்டுகளில் வரும் இன்னொரு வரிசை சின்ன ரிஷபமும் சின்ன தைவதமும் போட்டது, நம் கர்நாடக சுத்த சாவேரி.

இதைக் கேட்டுவிட்டு “அவன் நம்மகிட்டயிருந்து எடுத்தான்” என்று கிளம்பாதே. எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு தபலாக்காரர் இருக்கிறார், உலகத்தில் எந்த மெட்டைப் போட்டாலும் அது இன்ன வருஷத்து ராஜா பாட்டு என்று சொல்லிவிடுவார். ஐந்து சுரம் உலகம் முழுக்க உண்டு, சீனாவில் உண்டு, ஸ்காட்லாந்தில் உண்டு. சுரம் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. மோகனத்தை மோகனமாக்குவது அதற்கே உரிய சுரக்கோவைகளான பிடிகளும், சுரத்தை அசைத்துப் பாடும் கமகமும். ஜப்பானிய மெட்டில் சுரங்கள் ஆடாமல் நேராக நிற்கும், நீ கீபோர்டில் வாசிக்கிற மாதிரி. இன்னொரு முக்கியமான வித்தியாசம் கீழே, இடது கையில் இருக்கிறது. ஹிசாயிஷி மேலே மெட்டில் ஐந்து சுரத்தின் சாயலைக் காட்டுவார். ஆனால் அதன் கீழே போடும் கார்டுகளில், மெட்டு விட்டுவிட்ட மத்தியமமும் நிஷாதமும் மெதுவாக வந்து உட்காரும். மேலே கிராமம், கீழே ஜாஸ். கேட்கும்போது சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியாமல் போவதற்கு இந்த இரட்டைத்தன்மை ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

படத்தின் முதல் காட்சியைத் திரும்பப் பார். பத்து வயதுப் பெண் சிஹிரோ, ஊர் மாறிப் போகும் காரின் பின்சீட்டில் படுத்துக் கிடக்கிறாள். நெஞ்சின் மேல் தோழிகள் கொடுத்த பூங்கொத்து. பியானோ ஆரம்பிக்கிறது. ‘ஒரு கோடை நாள்’ என்கிற பொருளில் ஆங்கிலத்தில் பிரபலமான உருப்படி இது. இன்று உலகம் முழுக்கக் கீபோர்டு கற்கும் பிள்ளைகள் முதலில் கேட்கிற ஜிப்லி இசை. தொடக்கத்தில் வரும் சில கார்டுகளில் எது ஷட்ஜம், அதாவது ஆதார சுரமான ச, என்று பிடிபடாது. சுருதிப்பெட்டி போட்டுக்கொண்டு கூடவே ச பாட முயன்றால் தடுமாறுவாய். வீடு எங்கே என்று தெரியாத குழந்தைக்கு ஷட்ஜம் இல்லாத இசை. அப்புறம்தான் மெட்டு வந்து கால் ஊன்றும், அதுவும் சின்னச் சின்னத் துண்டுகளாக, நடுவில் மூச்சு விட்டு விட்டு. பின்னாளில் காக்கு இந்த மெட்டுக்கு வரிகள் எழுதினார், ‘உயிரின் பெயர்’ என்று தலைப்பு.

அந்தத் தலைப்பில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. படத்தில் சூனியக்காரி யுபாபா, வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்போது சிஹிரோவின் பெயரைப் பிடுங்கிக்கொள்கிறாள். சிஹிரோ என்பது இரண்டு எழுத்து. ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற எழுத்தை ‘சென்’ என்று வாசிக்க வேண்டும். பெயரிலும் ஒரு பகுதி காணாமல் போகிறது. அவளுக்குத் துணை நிற்கும் ஹக்கு என்ற பையன் தன் பெயரையே மறந்தவன். அவன் உண்மையில் ஒரு ஆறு, அந்த ஆற்றை மண்ணைக் கொட்டி மூடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். வானத்தில் பறக்கும்போது சிஹிரோவுக்கு ஆற்றின் பெயர் நினைவுக்கு வருகிற இடத்தில்தான் ஆர்க்கெஸ்ட்ரா முழுசாக விரியும். படத்துக்கு வாசித்தவர்கள் நியூ ஜப்பான் ஃபில்ஹார்மோனிக். அத்தனை தந்திகளும் அங்கே எழும்பும்போது, அதுவரை இவ்வளவு அடக்கி வாசித்ததே இதற்குத்தானா என்று தோன்றும்.

இப்போது ரயில். உன்னுடைய மூன்றாவது கேள்வி, மூன்றிலும் நல்ல கேள்வி.

என்ன நடக்கிறது? கொதிகலன் அறைத் தாத்தா கமாஜி நாற்பது வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்த டிக்கெட்டுகளை எடுத்துத் தருகிறார். ஆறாவது ஸ்டேஷனில் இறங்கு, முன்பெல்லாம் திரும்பி வரும் ரயிலும் உண்டு, இப்போது போவது மட்டும்தான் என்கிறார். மழைத்தண்ணீர் கடலாகத் தேங்கி நிற்க, தண்டவாளம் அதற்கடியில். சிஹிரோவும் முகமில்லாதவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறார்கள். மற்ற பயணிகள் நிழல் மாதிரி, முகம் தெரியாது. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். வெளியே தண்ணீர், ஒரு தனி வீடு, ஒரு பிளாட்பாரம், அதில் ஒரு சிறுமி நிற்கிறாள், பொழுது சாய்கிறது. அவ்வளவுதான். சண்டை இல்லை, வசனம் இல்லை. இசையும் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. பியானோ சில சுரங்களைத் தொட்டுவிட்டு நிறுத்தும், தந்திகள் பின்னால் நீண்டு கிடக்கும். இமேஜ் ஆல்பத்தில் ‘கடல்’ என்று இருந்ததுதான் இங்கே ‘ஆறாவது ஸ்டேஷன்’ ஆகிவிட்டது. காட்சி வரைவதற்கு முன்பே அந்த மனநிலை இசையில் இருந்திருக்கிறது பார்.

மியாசாகி 2002-இல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசும்போது கையைத் தட்டித் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கும் இடத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘மா’ என்று பெயர் என்றார். மூச்சு விடாமல் ஏதாவது நடந்துகொண்டே இருந்தால் அது வெறும் பரபரப்பு, நடுவில் இந்த இடம் இருந்தால்தான் கதைக்குக் கனம் வரும் என்பது அவர் கட்சி. மிருதங்கக்காரர்கள் இதைக் கார்வை என்பார்கள். சொல் முடிந்த பிறகு விடும் அந்த இடைவெளி கணக்குக்கு வெளியே இருப்பது அல்ல, கணக்கில் சேர்ந்தது. பாலக்காடு மணி ஐயரின் பதிவு ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேள். அவர் வாசிக்காத இடங்களிலும் தாளம் நடந்துகொண்டே இருப்பது தெரியும். பாலக்காட்டுக்காரன் என்பதால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை என் வகுப்பில் பார்க்கலாம். பதினொரு வயதுப் பையன் ஒருவனுக்கு இந்த ரயில் இசையை எளிதாக்கிக் கொடுத்திருந்தேன். முதல் துண்டை வாசித்துவிட்டுக் கையைத் தூக்கி, ஒரு மூச்சு இழுத்து விட்டு, அப்புறம் அடுத்தது. பையன் முதல் துண்டை அழகாக வாசிப்பான். கையைத் தூக்குவான். அரை மூச்சு ஆவதற்குள் இடது கை தானாகப் போய்க் கீழே ஒரு சுரத்தைக் குத்தும், இல்லாவிட்டால் ரிதம் பட்டனைத் தட்டும். நாலு வாரம் இதே கதை. ஏண்டா என்று கேட்டால் சொன்னான்: “சும்மா இருந்தா, மறந்துட்டேன்னு வெளிய உட்காந்திருக்கற அம்மா நெனச்சுக்குவாங்க மாஸ்டர்.” அன்றைக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, கீபோர்டு நின்றது. கைகளைக் கீயின் மேல் வைத்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தான், வெளியே தென்னை மட்டைகளில் கணவாய்க் காற்று. கரண்ட் வந்ததும், “இவ்வளவு நேரம்தான்டா விடணும்” என்றேன். கொஞ்சம் மிகைதான், ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பையனின் பயம் பெரிய கம்பெனிகளுக்கும் உண்டு. ஹிசாயிஷி 1986-இல் இசையமைத்த மியாசாகி படமான ‘லபுடா’ இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான படம், அதில் இசை இருப்பது சுமார் ஒரு மணி நேரம்தான். தொண்ணூறுகளின் இறுதியில் டிஸ்னி அதை ஆங்கிலத்தில் கொண்டுவரத் தயாரானபோது, இவ்வளவு நேரம் இசை இல்லாமல் இருந்தால் அங்கே பார்க்கிறவர்கள் நெளிவார்கள் என்று கருதினார்கள். ஹிசாயிஷியே உட்கார்ந்து கூடுதல் இசை எழுதிக் கொடுத்தார். இரண்டு வடிவத்தையும் பார்த்திருக்கிறேன். புதியது கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆர்க்கெஸ்ட்ரா கம்பீரம். ஆனால் பழையதில் காற்றுச் சத்தம் கேட்ட இடத்தில் புதியதில் வயலின் கேட்கிறது, எனக்கு வேண்டியது காற்று.

ஆக, ரயிலில் உனக்குத் தொண்டை அடைத்ததற்கு என்னால் சொல்ல முடிகிற காரணம் இதுதான்: அங்கே படம் உன்னை எதுவும் நினைக்கச் சொல்லவில்லை. சாதாரண ஆர்.ஆர். என்றால் இந்த இடத்தில் சோக வயலின் ஒன்று வந்து ‘அழு’ என்று முதுகில் தட்டியிருக்கும். இங்கே விட்ட இடத்தில் நீ உன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தாய். எதை வைத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. என் கதையைச் சொல்கிறேன். பாலக்காடு டவுனிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் லைன், அகலப்பாதை வேலைக்காகப் பல வருஷம் மூடிக்கிடந்து 2015-இல் திறந்தது. மூடுவதற்கு முன்னால் மீட்டர் கேஜ் வண்டியில் உன் தாத்தாவோடு போயிருக்கிறேன். முதலமடை ஸ்டேஷனில் ஆலமரங்கள் பிளாட்பாரத்துக்கே கூரை போட்டிருக்கும். வண்டி நிற்கும், ஒருவரும் ஏறமாட்டார்கள், இறங்கமாட்டார்கள், விழுது மட்டும் ஆடும். இந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது அந்த ஸ்டேஷன்தான் வந்து நின்றது. உன் தாத்தா அதற்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தார்.

இனி கடைசிப் பாட்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதன் கதை.

மியாசாகியின் ‘இளவரசி மோனோனோகே’ 1997-இல் வந்தது. அதைப் பார்த்து அசந்துபோன ஒசாகாக்காரப் பாடகி யூமி கிமுரா, மியாசாகிக்குக் கடிதம் எழுதித் தன் பாட்டுகளின் பதிவையும் கூடவே அனுப்பினார். லையர் என்று மடியில் வைத்து மீட்டுகிற சின்ன யாழ் மாதிரி ஒரு கருவி அவருடையது. மியாசாகி பதில் போட்டார்: ரின் என்ற பெண்ணை வைத்து ஒரு படம் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அது உருவானால் உங்களைக் கூப்பிடலாம். கிமுராவுக்கு அந்தக் கதையை நினைத்துக்கொண்டே இருந்ததில் ஒரு மெட்டு வந்துவிட்டது. காக்குவிடம் கொடுத்து வரிகள் வாங்கினார். பாட்டு தயார், படம் மட்டும் இல்லை; அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். எடுக்கப்படாத படத்தின் பாட்டு அப்படியே கிடந்தது. பிறகு மியாசாகி ‘ஸ்பிரிட்டட் அவே’ செய்யும்போது அதைத் திரும்ப எடுத்துக் கேட்டு, இதுதான் என் படத்தின் முடிவுப் பாட்டு என்று தீர்மானித்தார். தலைப்புக்கு ‘எப்போதும், எத்தனை முறையானாலும்’ என்று பொருள் சொல்லலாம்.

படத்துக்காக எழுதப்படாத பாட்டு படத்தோடு இவ்வளவு ஒட்டுவது எப்படி? வரிகளில் ஒரு இடத்தில் உடைந்த கண்ணாடியின் சில்லுகளிலும் புதுக் காட்சிகள் தெரிவதாக வரும். இன்னொரு இடத்தில் உடம்பு பூஜ்யமாகிக் காது கொடுப்பதாக. பெயர் பிடுங்கப்பட்ட பெண்ணின் படத்துக்கு வேறென்ன வேண்டும்? இத்தனை பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வாசித்து முடித்த பிறகு, ஒரு லையர், ஒரு குரல், வேறொன்றும் இல்லை. ஹிசாயிஷியின் இசைக்கு நடுவில் அடுத்தவர் பாட்டா என்று ரோஷப்படாமல், அதற்கு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்க்காமல் விட்டார்களே, அதுவே பெரிய காரியம். மூன்று வருஷம் கழித்து 2004-இல் மியாசாகியின் ‘ஹவுல்’ படத்தின் முடிவுப் பாட்டுக்கும் கிமுராவே மெட்டமைத்தார். ஜிப்லியில் இந்த வழியாக உள்ளே வந்தவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. 2010-இல் ‘அரியெட்டி’க்கு இசையமைத்த செசில் கோர்பெல், பிரான்சுக்காரர், யாழ் வாசிப்பவர், ரசிகையாகத் தன் சிடியைத் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகிக்கு அனுப்பி வைத்தவர்தான். இதைப் படித்துவிட்டு என் மாணவர்கள் யாரும் ஸ்டாம்ப் வாங்கக் கிளம்பாமல் இருந்தால் சரி.

இந்தப் பாட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் உண்டு. சில வருஷம் முன் ஒரு கல்யாண ரிசப்ஷன். சாப்பாட்டுப் பந்தி நேரத்தில் மெதுவாக ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள். மியூசிக் பாக்ஸ் டோனில் இதை எடுத்தேன். மேஜர் ஸ்கேல், வால்ட்ஸ் நடை, மணிச்சத்தம். முதல் பந்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் மேடையோரம் நின்று கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், “நல்லாருக்குங்க தம்பி, எந்த மாதா கோயில் பாட்டு இது?” என்றார். அவர் காதைத் தப்புச் சொல்ல முடியாது, நம் பக்கத்து ஆராதனைப் பாட்டுகளின் ஜாடை இதில் இருக்கத்தான் செய்கிறது. இரண்டாவது முறை வாசிக்கும்போது பெண் வீட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்தார். “ஏனுங்க, கலகலன்னு ஏதாச்சும் வாசிங்க. எழவு வீடா இது?” கணக்குத் தீர்க்கும்போது ஐந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே பாட்டை ஒருவர் கோயில் என்கிறார், ஒருவர் எழவு என்கிறார். இரண்டு பேருமே பாட்டைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெண் வீட்டுக்காரர் காது எனக்கு ஐந்நூறு ரூபாய் செலவு வைத்தது, அவ்வளவுதான்.

படம் 2002-இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது, இன்னொரு படத்தோடு பகிர்ந்து. மறு வருஷம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர். விருது படத்துக்கு, இசைக்கு அல்ல. உன் தோழி யாரோ “மியூசிக்குக்கு ஆஸ்கர் வாங்கினாரு” என்றாள் என்றாயே, அது தப்பு.

எதை எந்த வரிசையில் கேட்பது என்று கேட்பாய், எனக்குத் தெரியும். முதலில் படத்தின் இசைத்தட்டு, இருபத்தொரு உருப்படி, கடைசியில் கிமுராவின் பாட்டு. ஒரே மூச்சில் கேள், நடுவில் மெசேஜ் பார்க்காதே. அப்புறம் இமேஜ் ஆல்பம், எந்தத் துண்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க. அதன் பிறகு 2008 ஆகஸ்டில் டோக்கியோ புடோகன் அரங்கத்தில் ஹிசாயிஷி நடத்திய கச்சேரியின் வீடியோ. ஆர்க்கெஸ்ட்ராவும் கோரஸும் பேண்டும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் மேடையில். கூட்டத்தைப் பார்த்தால் நம் பக்கத்துக் கோயில் திருவிழாவான வேலைப் பூரம் மாதிரி இருக்கும். அதிலும் அவர் தனியாகப் பியானோவில் போய் உட்காரும் நேரங்கள் உண்டு, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ரயில் இசையை உனக்கும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம்தான், கையைத் தூக்க வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். விஷுவுக்கு வரும்போது சொல்லித்தருகிறேன். பழைய கேசியோவின் அடாப்டர் உங்கள் வீட்டில்தான் கிடக்கிறது, அம்மாவிடம் கேட்டு மறக்காமல் எடுத்து வா.